தகரம் கம்பெனி

நகத்தால் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்கிறார். உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்கிறார். கம்ப்யூட்டர் கடையில் வரிசையாக நிற்கிற காலிப் பெட்டிகளில் பாதியைத் தட்டி முடித்தாகிவிட்டது. பக்கத்துக்குக் கண்ணாடி போட்டது, உள்ளே கலர் கலராக விளக்கு எரிவது, முகமெல்லாம் வலை வைத்தது, எதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. தர்பூசணி வாங்க வந்தவர் மாதிரி தட்டிக்கொண்டே போகிறார்.

“அண்ணே, அது கம்ப்யூட்டர் பொட்டி. பீரோ இல்ல” என்றார் கடைக்காரம்மா.

“பீரோவுக்கு இந்தத் தகடப் போட்டா கதவு தொறக்கும்போதே கையோட வந்துரும். பேப்பரும்மா இது. தும்முனா நெளியும்.”

எல்லாவற்றையும் தட்டி முடித்து, எல்லாவற்றையும் திட்டி முடித்து, கடைசியில் சொன்னார்: “பொட்டி எங்கிட்ட இருக்கு. உள்ள போடுற சாமான் மட்டும் காட்டுங்க.” இதைச் சொல்லத்தான் இத்தனை பெட்டிகளையும் தட்டினார். அவர் அப்படித்தான்.

இவர் என் அக்கா வீட்டுக்காரர். பெரிய கட்டடங்களில் ஏசி காற்று போவதற்குக் கூரையை ஒட்டிச் சதுரமாகத் தகரக் குழாய் ஓடுமே, அதை வெட்டி மடித்துச் செய்கிற வேலை. தெருவில் அவருக்குத் ‘தகரம்’ என்றுதான் பெயர். பால் ஊற்றுகிறவரும் தகரம் என்பார், பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவரும் தகரம் என்பார். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். “வேற என்ன, தங்கம்னா கூப்பிடுவாங்க?” என்பார்.

கை சும்மா இருக்காது. பஸ் டிக்கெட், கடை ரசீது, மாத்திரை அட்டை எது கிடைத்தாலும் மடித்து மடித்து ஒரு குட்டிக் குழாய் வளைவு செய்து மேசையில் நிறுத்துவார். பேச்சு குறைவு. கோபம் வந்தாலும் தகரம் வெட்டுகிற கத்தரியைத் தீட்டுவார், சந்தோஷம் வந்தாலும் தீட்டுவார். எதற்குத் தீட்டுகிறார் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். அவர் பட்டறைக்கும் என் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். நான் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். கத்தரி தீட்டுகிற சத்தத்தில்தான் என் பாதி ஆயுள் போனது.

அப்படிப்பட்ட மனிதர் எதற்காக விளையாட்டுக் கம்ப்யூட்டருக்குச் சாமான் பொறுக்கிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் கடைக்காரம்மாவின் சந்தேகமும். கழுத்துக் கயிற்றில் அடையாள அட்டைக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர் தொங்கவிட்டிருக்கிற அம்மா அவர். பேரனுக்கா என்று கேட்டார். இல்லை. பையனுக்கா? இல்லை. “பொண்ணுக்கு” என்றார் தகரம், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

பெட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ரொம்ப வருஷம் முன்பு ஒரு ஆபீஸை இழுத்து மூடினார்கள். மேலே மாட்டிய குழாய்களைக் கழற்றப் போனவர், கூலிக்குப் பதிலாக அங்கே கிடந்த கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒற்றைக் கையில் தூக்க முடியாது, அவ்வளவு கனமான தகடு. அதைத் தட்டிப் பார்த்துத்தான் சரி என்று வாங்கியிருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது, ஓடுமா, ஓடாதா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஓடியது. அதில் ஒரு விளையாட்டும் இருந்தது. ஒரு கோட்டை, அதற்குள் ஒருத்தன் துப்பாக்கியோடு ஓடுவான். அவனை ஓட்டுவதற்குக் கீபோர்டு, குறி பார்த்துச் சுடுவதற்கு மவுஸ். இரண்டையும் ஒருத்தர் பிடித்து விளையாட வேண்டியது. இவர்கள் வீட்டில் மட்டும் அந்த ஒருத்தனை இரண்டு பேர் ஓட்டினார்கள். இடது பக்க ஸ்டூலில் கீபோர்டோடு மகள், வலது பக்க ஸ்டூலில் மவுஸோடு அப்பா. அவனுக்குக் காலெல்லாம் மகள், கையெல்லாம் அப்பா.

“ஏய் தகரம், ரைட்ல வர்றான், ரைட்ல!” என்று அவள் கத்துவாள். அவளுக்கு அப்போது பால்பல்லே முழுதாக விழவில்லை.

“யாரு ரைட்டு? உன் ரைட்டா என் ரைட்டா?”

“ரெண்டும் ஒண்ணுதான், சுடுப்பா!”

அதற்குள் அவன் செத்துக் கிடப்பான். நீ ஓடின லட்சணம் என்று இவர், நீ சுட்ட லட்சணம் என்று அவள். அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுப்பாள்: “ரெண்டு பேரு சேந்து ஒருத்தனக் காப்பாத்தத் துப்பில்ல. சோறு ஆறுது, வாங்க.” தின்னர் கேட்க வந்தேன், துணி கேட்க வந்தேன் என்று ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு நானும் அங்கே போய் நிற்பேன். இருட்டின அறையில் அந்த வெளிச்சம் இரண்டு முகத்திலும் அடிக்கும். ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு இருப்பார்கள். மூக்கும் ஒன்று, வாயும் ஒன்று. இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த அறையின் சூடு தெரிகிறது.

நடுநடுவே பெட்டி கடகடவென்று ஆடும். மகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அதன் இடுப்பில் உள்ளங்கையால் ஒன்று வைப்பாள், அடங்கிவிடும். தூசு தட்டுகிறேன் என்று ஒரு நாள் பெட்டியைத் திறந்தவள், அம்மாவின் நகப்பூச்சை எடுத்து உள்தகட்டில் ‘தகரம் கம்பெனி’ என்று எழுதி வைத்தாள். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். இவர் பட்டறைக்கு அன்று வரை பெயர்ப் பலகை கிடையாது. இன்று வரையும் கிடையாது. அது ஒன்றுதான்.

வருஷக்கணக்காக விளையாடினார்கள். கோட்டைக்குள் ஒரு பாலம் வரும், அதை மட்டும் தாண்டவே முடியவில்லை.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் மார்க் குறைந்தது. டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். போய்விட்டு வந்த மனிதர் கத்தவில்லை, கத்தரியைத் தீட்டவில்லை. மகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்து, ரேம் என்கிறார்களே, சீப்பு நீளத்தில் ஒரு பச்சைக் குச்சி, அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் ஒளித்து வைத்தார். அந்தக் குச்சி இல்லாவிட்டால் பெட்டிக்கு உயிர் வராது. சுவிட்சைப் போட்டால் பீப், பீப் என்று விட்டு விட்டு அழும்.

அவள் அது கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தாள். அவள் திறந்து பார்த்துவிடாதபடி, ஆள் வைத்துப் பார்த்தேன், உள்ளே எரிந்துபோய்விட்டது, தொடாதே என்று இவர் சொல்லி வைத்தார். அவள் அதன் வெளிப்பக்கத்தைத் துடைத்தாள், ஒயரை மாற்றிச் செருகினாள், தினமும் ஒரு தரம் சுவிட்சைப் போட்டு அது அழுவதைக் கேட்டாள். ஒரு நாள் நேராகவே கேட்டாள், உனக்கு ஏதாவது தெரியுமா அப்பா என்று. தெரியாது என்றார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இவர் செய்த கூத்து என்னவென்றால், குச்சியை ஒளித்தது ரிவிட் டப்பாவுக்குள். தகரத்தோடு தகரத்தைச் சேர்க்கிற ஆணி அது, தினமும் வேண்டும். ஒரு சனிக்கிழமை வேலை மும்முரத்தில், சோறு கொண்டுவந்த மகளிடமே, “அந்த ரிவிட்டக் கொஞ்சம் அள்ளிட்டு வாம்மா” என்று சொல்லிவிட்டார். சொன்னது அவர் காதிலேயே விழவில்லை.

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு வேன் கதவுக்குப் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். தடுப்பின் இடுக்கில் எல்லாம் தெரிந்தது. டப்பாவைத் திறந்தாள், கையை விட்டாள், அப்படியே நின்றாள். பிறகு ஒரு கை ரிவிட்டை மட்டும் அள்ளிக்கொண்டு மூடியை அழுத்தி மூடினாள். அப்பாவிடம் போய், “இந்தாங்க” என்று நீட்டினாள்.

அதுவரை அந்த வீட்டில் ‘இந்தா’தான். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு டப்பாவைப் பார்த்தார். ரிவிட் எல்லாம் கீழே கொட்டியது.

அன்று சாயங்காலமே குச்சியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டார். பெட்டி பழையபடி ஓடியது. அவள் அந்த ஸ்டூலில் உட்காரவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றாகப் படித்தாள், பாஸானாள், வெளியூரில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலைக்குப் போனாள். பெட்டி தானாகவே ஒரு மழைக்காலத்தில் ஈரம் குடித்துச் செத்தது. அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்ன அக்காவை இவர் முறைத்த முறைப்பில், அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மகள் வாரம் தவறாமல் போன் பண்ணுவாள். நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி, ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் குறை.

இந்த வருஷம் அவளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. போவதற்கு முன் கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டுத் தகரம் ரொம்ப நேரம் ஒரு மாத்திரை அட்டையை மடித்துக்கொண்டிருந்தார். “இப்படியே மரியாதையா ஏறிப் போயிட்டாள்னா, அப்புறம் நமக்கு மரியாதைதான் மிச்சம் மாப்ளே” என்றார். மறுநாள்தான் என்னையும் இழுத்துக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தார்.

சாமான் பொறுக்குவதில் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். இது எவ்வளவு சூடாகும்? வேகம் எவ்வளவு, எத்தனை படம் தாங்கும் என்று கடைக்காரம்மா சொல்லிக்கொண்டே போவார். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிம்மா, எவ்வளவு சூடாகும்?” என்பார். காற்றாடிகளை ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து வாயால் ஊதிச் சுற்றவிட்டார். கீபோர்டில் சின்னதாக, மகள் விரலுக்கு எட்டுகிறதாகப் பார்த்து எடுத்தார். மவுஸை மட்டும் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பட்டறையில் ஒரு தரம் நசுங்கிப் பிழைத்த சுண்டுவிரல் எங்கே உட்காருகிறது என்று பார்த்துப் பார்த்து, இருப்பதிலேயே பெரியதை எடுத்தார்.

“பொண்ணுக்குன்னீங்க. இது மம்பட்டி மாதிரி இருக்கே” என்றார் கடைக்காரம்மா.

இவர் ஒயர் எவ்வளவு நீளம் என்று அளந்துகொண்டிருந்தார்.

படம் காட்டுகிற கார்டில்தான் மாட்டிக்கொண்டார். பழைய கோட்டை விளையாட்டைக் கடைக்காரம்மா எங்கோ தேடிப் பிடித்துவிட்டார். அதற்கு இவ்வளவு பெரிய கார்டு எதற்கு, பேன் நசுக்க லாரியா என்று கேட்டார். புதிய விளையாட்டும் ஓட வேண்டும், அவள் எதைக் கேட்பாளோ தெரியாது என்று இவர் பிடிவாதமாக இருப்பதிலேயே நீளமானதை வாங்கினார். தகரத்தை இரண்டு தரம் அளந்து ஒரு தரம் வெட்டுகிற மனிதர், பெட்டியின் வெளி அளவை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறார். உள்ளே குறுக்கே நிற்கிற தகட்டை மறந்துவிட்டார். வீட்டுக்கு வந்து செருகினால் கார்டு இரண்டு விரல்கடை முட்டுகிறது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊருக்கே தகரம் வெட்டுகிற ஆளுக்கு இது ஒரே வெட்டுதானே என்றேன். கத்தரியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் விளக்கை அருகே இழுத்து அந்தக் குறுக்குத் தகட்டைக் காட்டினார். மகள் எழுதின நகப்பூச்சு கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். வெட்டினால் ‘கம்பெனி’ போய்விடும்.

கத்தரி அன்று முழுவதும் மேசையில் கிடந்தது. மறுநாள் கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சின்னதாக ஒன்று வாங்கி வந்தார். “கொஞ்சம் மெதுவாத்தான் ஓடட்டுமே. அந்தக் காலத்துல நாங்க என்ன ஜெட்டுலயா போனோம்” என்றார்.

பிறகு அவர் வேலை. உள்ளே காற்று வந்து போக ஒரு குட்டித் தகரக் குழாய் மடித்தார். “உள்ள வந்த காத்து வெளிய போகணும் மாப்ளே. உன்ன மாதிரி வந்த எடத்துல உக்காந்துரக் கூடாது” என்றார். முதலில் செய்தது விசிலடித்தது. பிரித்துவிட்டு வேறு மடித்தார். முன்பக்கம் பழைய சிடி டிரைவ் இருந்த ஓட்டையை மூடப் புதுத் தகடு வைத்தார், அதற்கு நான் பெயிண்ட் கலந்தேன். வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள், துளி கறுப்பு, மறுபடி கொஞ்சம் மஞ்சள். புதுக் காரின் நிறத்தைக் கலந்துவிடலாம், சன்னலோர வெயில் இத்தனை வருஷம் பழுக்க வைத்த நிறத்தைப் பிடிப்பது லேசில்லை. சுமாராக வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதே செத்த பெட்டிதான்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. பழைய பெட்டிக்குள் பட்டாணி அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் இருந்தது. அழுகிற சத்தம் அதிலிருந்துதான் வரும். புது போர்டெல்லாம் சத்தம் போடாது, கோளாறு என்றால் விளக்கு எரிந்து காட்டும் என்று கடைக்காரம்மா சொல்லியிருந்தார். இவர் அந்தப் பழைய ஸ்பீக்கரைப் புது போர்டில் மாட்டுவதற்கு முனை இருக்கிறதா என்று விசாரித்து, இருக்கிற போர்டாகப் பார்த்து வாங்கியிருந்தார். எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, ரேம் குச்சிகள் இரண்டையும் கழற்றிக் கடைக்காரம்மா கொடுத்த உறையில் திரும்பப் போட்டார். பட்டறையிலிருந்து ரிவிட் டப்பாவை எடுத்துவந்து அதற்குள் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“எதுக்கு மச்சான் ஆறுன புண்ண நோண்டுறீங்க? முழுசா மாட்டிக் குடுங்க, சந்தோஷமா வெளையாடிட்டுப் போகட்டும்.”

“ஆறல மாப்ளே. மூடியிருக்கு.”

“அவ கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா? அப்புறம் இந்த மரியாதையும் இருக்காது.”

“போனாப் போகட்டும். நான்தான் எடுத்தேன், நான்தான் பொய் சொன்னேன். அத அவ மூஞ்சிக்கு நேரா ஒரு தடவ சொல்லணும். எனக்கு வாய் வராது.” டப்பாவின் மூடியை அழுத்தினார். “பொட்டி சொல்லட்டும்.”

மகள் வந்தாள். விருந்தாளி மாதிரி செருப்பை ஓரமாக விட்டாள், அம்மாவுக்குப் புடவை, எனக்குச் சட்டை, அப்பாவுக்குக் கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி. அதை மாட்டிவிட்டுக் காதுப் பக்கம் சரியாக இருக்கிறதா என்று கடைக்கு வந்தவருக்குப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றார் இவர். சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்தவள் மூலையைப் பார்த்தாள்.

“இன்னும் இத வச்சிருக்கீங்களா?”

அவள் கிட்டே போய், சின்ன வயதுப் பழக்கம், கால் கட்டைவிரலால் சுவிட்சை அழுத்தினாள்.

பீப். பீப். பீப்.

அவள் முதுகைத்தான் நாங்கள் பார்த்தோம். அக்கா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். குழம்பு தரையில் சொட்டுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை. பெட்டி அழுதுகொண்டே இருந்தது, மகள் அணைக்கவில்லை.

“எங்க?” என்றாள், திரும்பாமல்.

தகரம் எழுந்து போய் ரிவிட் டப்பாவை நீட்டினார். டப்பாவுக்குள் ரிவிட் கலகலவென்றது. அவள் சுவிட்சை அணைத்தாள். மூடியைத் திறந்து உறையை வெளியே எடுத்தாள்.

“அன்னைக்குத் தெரியாதுன்ன.”

“ஆமா.”

“நான் அதத் தொடச்சுட்டு இருந்தேன். நீ பாத்துட்டே நின்ன.”

“ஆமாம்மா.”

அவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

“ரெண்டு இருக்கு.”

“ஒண்ணு வட்டி.”

“இத்தன வருஷத்துக்கு ஒண்ணுதானா?”

அவர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவள் தரையில் உட்கார்ந்து பெட்டியின் பக்கத் தகட்டை நகர்த்தினாள். இவர் அதற்குத் திருகு போடாமல்தான் வைத்திருந்தார். உள்ளே நகப்பூச்சு எழுத்து இருந்த இடத்தில் அவள் கை கொஞ்ச நேரம் நின்றது, மேலே ஏறி உட்கார்ந்திருக்கிற அந்தக் கடைசி எழுத்தில். பிறகு குச்சிகளைச் செருகினாள். டிக். டிக்.

கட்டைவிரலால் அழுத்தினாள். ஒரே ஒரு சின்ன பீப், திரையில் வெளிச்சம். கூடவே கடகடவென்று ஒரு ஆட்டம். இவர் மடித்து வைத்த குட்டிக் குழாய்தான், கடைசி நேரத்தில் மானத்தை வாங்கியது. தகரம் பதறிக்கொண்டு குனிந்தார். அதற்குள் அவள் கை, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, பெட்டியின் இடுப்பில் ஒன்று வைத்தது. அடங்கிவிட்டது.

அவள் இடது பக்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மம்பட்டி மாதிரி இருந்த அந்த மவுஸை ஒரு தரம் கையில் எடுத்துப் பார்த்தாள், பிறகு ஒயர் போகிற மட்டும் வலது பக்கம் தள்ளி வைத்தாள்.